சீறாத சோடா

ஹங்கேரியில், எங்கள் பெரெக்லாப் ஊரில் யாருக்கும் சோடாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த ஊர் மதுக்கடையை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறவன் நான், வெண்டெல். என் கை வழியாக ஓடிய சோடாவைத் தேக்கி வைத்திருந்தால் தீஸா ஆற்றுக்கு இன்னொரு கிளை பிரிந்திருக்கும். ஆனாலும் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதியெல்லாம் பின்னால் வருகிறது.

ஊருக்குத் தெரிந்த சோடா ஞானம் ஒரே ஒரு வரி: வேகமாக அடித்தால் நல்ல சோடா. கனத்த கண்ணாடி பாட்டில், தலையில் ஈய மூடி, மூடியில் ஒரு மூக்கு, பின்னால் ஒரு விசை. விசையை அமுக்கினால் மூக்கு வழியாகச் சோடா பீய்ச்சும். அது மதுக் கோப்பையின் அடியில் மோதித் திரும்பி மீசையில் தெறித்தால் ஊர்க்காரன் முகம் மலர்ந்துவிடும். "அடி பார்த்தியா!" என்பான். குடிப்பது அப்புறம்தான். மாட்டைப் பல்லைப் பார்த்து வாங்குகிற ஊர், சோடாவை மட்டும் சத்தத்தை வைத்து வாங்கியது.

அப்படிப்பட்ட ஊரில் சோடா போட்டுப் பிழைத்தவள் எடெல்கா. வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. "பொம்பளையால அந்தச் சோடா கலக்குற பீப்பாயைச் சுத்த முடியாது, வித்துடும்மா" என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். அதிலும் பீப்பாயைப் பாதி விலைக்குக் கேட்க வந்தவர்கள் ரொம்ப உருக்கமாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் தலைக்கு ஒரு கோப்பை சோடா கொடுத்து வழியனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் அவளே பீப்பாயைச் சுற்ற ஆரம்பித்தாள். ஒன்பது வருடம் சுற்றினாள். இடது தோளைவிட வலது தோள் அகலமாகிவிட்டது. ஊர்த் தையற்காரி அவளுக்கு மட்டும் இரண்டு தோளுக்கும் தனித்தனியாக அளவெடுப்பாள்.

அவள் பட்டறை ஊர்க்கோடியில், பழைய நிலவறை ஒன்றின் மேல் கட்டிய ஒற்றை அறை. நடுவில் ஈயம் பூசிய செம்புப் பீப்பாய் ஒன்று படுத்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அதன் வயிற்றுக்குள் துடுப்பு சுழலும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர், அழுத்தம் காட்டும் ஒரு முள். நான் வாரம் இருமுறை பாட்டில் எடுக்கப் போவேன். என் கடையிலிருந்து பத்து நிமிட நடை. வண்டியில் அவளே கொண்டுவந்து இறக்குவாள், போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போவேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருப்பேன்.

கிணற்றுத் தண்ணீரை இறைத்து இரண்டு நாள் நிலவறையில் வைத்துக் குளிர விடுவாள். பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் அது பீப்பாய்க்குப் போகும். கேஸைத் திறந்ததும் முதலில் வருவதை 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுவாள்.

"காசு போட்டு வாங்கின கேஸ இப்படி ஊர்க் காத்துக்கு விடுறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள காத்து இருக்கே, அத மொதல்ல தொரத்தணும். இல்லாட்டி ரயில்ல தொப்பிய வெச்சு எடம் புடிச்ச ஆளு மாதிரி நவுராம உக்காந்துக்கும். கேஸு நின்னுக்கிட்டேதான் வரணும்."

அப்புறம் சுற்றத் தொடங்குவாள். நானூறு சுற்று. எண்ணிக்கொண்டே என்னோடு வம்பும் பேசுவாள், ஒருமுறைகூட எண்ணிக்கை தவறியதில்லை.

"கேஸ தொறந்து விட்டுட்டுச் சும்மா உக்காந்தா தானா கரையாதா?" என்றேன்.

"கரையும். கிறிஸ்துமஸுக்குள்ள கரையும். மேலாக்க இருக்கிற தண்ணி வயிறு முட்டக் குடிச்சிட்டு மூடி போட்ட மாதிரி மெதக்கும். அடித் தண்ணிக்கு ஒண்ணும் கெடைக்காது. கலக்கினாத்தான் எல்லாத் தண்ணியும் மேல வந்து வாயத் தொறக்கும். இருநூத்திப் பன்னெண்டு... கடைய யாரு பாத்துக்கிறா? இருநூத்திப் பதிமூணு..."

நாவிதர் யெனோவை அவள் மடக்கிய கதையையும் சொல்லிவிட வேண்டும். என் கடையில் ஒருநாள் யெனோ குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரைக் கட்டியைப் போட்டுக் கரண்டியால் அமுக்கிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் அமுக்கியும் கட்டி கட்டியாகவே இருந்தது. எடெல்கா பாட்டில் பெட்டியை இறக்கிவிட்டு நின்று பார்த்தாள்.

"மாமா, அது என்ன பண்ணுச்சு ஒங்கள, இந்த அமுக்கு அமுக்குறீங்க?"

"அமுக்கினாக் கரையும்னு நீதானேம்மா பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியற, சோடாவுல!"

"அது கேஸுக்கு. சர்க்கரைக்கு அழுத்தமெல்லாம் ஒறைக்காது. நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் சூடு காட்டி, கிண்டணும். சர்க்கரைக்குச் சூடு, கேஸுக்குக் குளிரு. மாமியாரும் மருமவளும் மாதிரி, ஒரே அடுப்புல ரெண்டும் ஒத்துவராது. அமுக்கினா வழிக்கு வர்றது ரெண்டே பேரு. ஒண்ணு கேஸு, இன்னொண்ணு ஆம்பளைங்க. ரெண்டுமே கைய எடுத்தா ஓடிரும்."

கடையே சிரித்தது. யெனோவின் மனைவி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அடி போதவில்லை என்று எவனாவது பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் எடெல்கா சண்டை போட மாட்டாள். "மன்னிச்சுக்குங்க, வேற தர்றேன்" என்று உள்ளே போவாள். அதே பாட்டிலைச் சாக்கில் சுற்றி வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் வைப்பாள். கொண்டுவந்து நீட்டுவாள். அது பேய் மாதிரி அடிக்கும். "இதுதான் சோடா!" என்று அவன் மீசையைத் துடைத்துக்கொண்டு போவான். வீட்டுக்குப் போய்ச் சப்பென்று ஒரு கோப்பை குடித்துவிட்டு, பெண்டாட்டி மதுவில் தண்ணீர் கலந்துவிட்டாள் என்று சந்தேகப்படுவான். இந்தத் திருட்டுத்தனத்தை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அதுதான் என் லட்சணம்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை எங்கள் ஹங்கேரியில் ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களை நனைப்பார்கள். நனைக்காவிட்டால் பெண் அந்த வருடம் வாடிப்போவாள் என்பது நம்பிக்கை. வாசலில் நின்று ஒரு பாட்டுச் சொல்லி, அனுமதி கேட்டு, தண்ணீர் தெளிக்க வேண்டும். அவள் சாயம் போட்ட முட்டை ஒன்று தருவாள், குடிக்கவும் ஏதாவது தருவாள். பட்டணத்தில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்களாம். அந்த நாளில் எங்கள் ஊரில் சோடா பாட்டில்தான். ஆகவே அந்த வாரம் எடெல்கா இரண்டு வகை பாட்டில் போடுவாள். நீலக் கயிறு கட்டியது வெதுவெதுப்பான அறையில் இருக்கும், நனைப்பதற்கு. சிவப்புக் கயிறு கட்டியது நிலவறையில் இருக்கும், குடிப்பதற்கு.

ஊரையே நனைக்கச் சோடா கொடுத்தவளை மட்டும் யாரும் நனைப்பதில்லை. துக்க வருடம் முடிந்த முதல் ஈஸ்டருக்குக் கொல்லர் ஒரு வாளியோடு போனார். எடெல்கா கதவுக்குப் பின்னால் இரண்டு நீலக் கயிற்று பாட்டிலோடு நின்றிருந்தாள், சும்மா விளையாட்டுக்கு. கொல்லர் வீட்டுக்குத் திரும்பியபோது காலணியிலிருந்து தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாராம். அதோடு சரி. "சோடாக்காரிகிட்ட எவன் போவான், அவ கையில பீரங்கியில்ல இருக்கு" என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் அவள் ஜன்னலில் ஒரு தட்டு நிறையச் சிவப்பு முட்டை இருக்கும். சாயங்காலம் பார்த்தாலும் அப்படியே இருக்கும். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை காலையிலும் மாலையிலும் முட்டைதான் தின்பாள். நானும் எட்டு வருடமாக அந்த ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கிறேன், பையில் பாட்டிலும் மனசில் பாட்டும் தயாராக. தாண்டித்தான் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும்.

ஒன்பதாவது வருடம் பக்கத்து ஊரில் கூட்டுறவுச் சோடா ஆலை வந்தது. அதற்கு மேலாளர் கஷ்பார். தலையில் எண்ணெய், காலில் பளபளக்கும் காலணி, யாரைப் பார்த்தாலும் மச்சான். எங்கள் ஊர்த் தலைவர் பெர்டலான் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வெண்டெல், மேலிடத்துல இருந்து உத்தரவு. ஊருக்கு ஒரே சோடாதான். யாரு சோடாவ ஒன் கடை வாங்குதோ அவங்களுக்குத்தான் இனிமே கேஸ் ஒதுக்கீடு. நான் தலையிடல. ஈஸ்டர் திங்கட்கெழமை கஷ்பாரும் எடெல்காவும் ஒன் கடையில சோடா ஊத்திக் காட்டட்டும். என் கவிதைக்கப்புறம் நீயே காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

கேஸ் இல்லையென்றால் பீப்பாய் நின்றுவிடும். பீப்பாய் நின்றால் எடெல்கா பட்டணத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தங்கை புருஷன் அவளை எப்படி நடத்துவான் என்பது ஊருக்கே தெரியும். அவ்வளவும் என் பேனா முனையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவு அதுவரை நாற்காலிக்குப் பச்சை வண்ணமா பழுப்பு வண்ணமா என்பதுதான். அதற்கும் ஒரு வருடம் யோசித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கஷ்பார் லாரியில் வந்து இறங்கினான். இஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான்.

"மச்சான், அந்தத் தொப்பி யாருது?"

சுவர் ஆணியில் தொங்கியது என் தொப்பி. பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். கஷ்பார் விசையை அமுக்கினான். தொப்பி எகிறிப் போய்ப் பின்கட்டில் விழுந்தது. கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நனைந்த தொப்பியின் சொந்தக்காரனான நானும் தட்டினேன்.

"எங்க ஆலையில ஒரு பாட்டிலுக்கு நாலே வினாடி மச்சான். மொட்டை மாடித் தொட்டித் தண்ணி, ஒரே அழுத்து, முடிஞ்சுது. அந்தம்மா மாதிரி தாலாட்டுப் பாடிக்கிட்டுச் சுத்துற கதையெல்லாம் கெடையாது. என்ன, கையெழுத்து நமக்குத்தானே?"

"பாக்கலாம்" என்றேன். ஆனால் சொல்லும்போதே தலையை மேலும் கீழுமாக ஆட்டிவிட்டேன். அந்தத் தலையை அப்போதே ஆணியில் மாட்டியிருக்க வேண்டும்.

ஞாயிறு தேவாலயம் விட்டதும் எடெல்கா வீட்டுக்குப் போனேன். நிலவறையில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"தொப்பி காஞ்சிருச்சா?"

"கேள்விப்பட்டீங்களா..."

"கை தட்டினதையும் கேள்விப்பட்டேன்."

அவள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். தண்ணீர் சலனமில்லாமல், ஒன்றுமே கலக்காதது போல இருந்தது.

"ரெண்டு பாட்டில்லயும் ஒரே அளவு கேஸ்னு வெச்சுக்குங்க. இதுல கேஸு தண்ணிக்குள்ள எறங்கிருச்சு, கம்முனு கெடக்குது. அவன் பாட்டில்ல எறங்கல. சூட்டுத் தண்ணி கேஸ சேத்துக்காது. நாலு வினாடி அழுத்துல அது கரையவும் கரையாது. அப்ப எங்க போகும்? தண்ணி தலைமேல ஏறி உக்காந்து நெட்டித் தள்ளும். அதான் தொப்பி பறந்துச்சு. ஒங்க கோப்பைக்கு வர்றது வெறும் தண்ணி."

"அப்ப நாளைக்கு நீங்களும் ஒரு பாட்டில சூடு பண்ணி..."

"பண்ணலாம். நீலக் கயிறு போட்டு நானே விக்கிறதுதானே? அது குளிப்பாட்டுறதுக்கு. குடிக்கிற கோப்பையில நான் அத ஊத்த மாட்டேன் வெண்டெல். அடி வேணும்னு ஊரு கேட்டா ஊரு அவங்கிட்டயே வாங்கிக்கட்டும்."

அவள் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. உடனே பாட்டிலைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"நான் என்ன செய்யட்டும்?" என்றேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம், அதான் ஒங்களுக்கு நல்லா வருமே. நாளைக்குத் தலைவர் கவிதை வாசிக்கறப்ப யாராவது 'சுருக்கமா முடிங்க'ன்னு சொன்னா மட்டும் அவங்க வாயப் பொத்துங்க. எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் போகட்டும்."

பெர்டலான் தலைவரின் ஈஸ்டர் கவிதை எங்கள் ஊரின் பெரிய தண்டனை. மற்றவர்களுக்கு நாலு வரிப் பாட்டுப் போதும். அவர் வருடா வருடம் புதிதாக எழுதுவார், ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து என் கடை முற்றத்தில் ஒரேயடியாக வாசிப்பார். முதலில் மேசையில் கோப்பைகளை நிரப்பி வைக்க வேண்டும். கவிதை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் குடிக்க வேண்டும். அவர் ஏற்படுத்திய வழக்கம் இது. வேறு எவன் ஏற்படுத்துவான்?

திங்கட்கிழமை காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. முற்றத்தில் இரண்டு மேசை. ஒன்றில் கஷ்பார், இன்னொன்றில் எடெல்கா. இரண்டிலும் என் கடை வெள்ளை மதுவே ஊற்றியிருந்தது, ஒரு பங்கு மதுவுக்கு இரண்டு பங்கு சோடா என்று கணக்கு. கஷ்பார் அடித்தான். சோடா சீறியது, நுரை பொங்கி வழிந்தது, முன்வரிசைப் பெண்கள் கீச்சிட்டார்கள். யெனோ, "அடி பார்த்தியா!" என்றார். கூட்டம் விசில் அடித்தது. எடெல்கா விசையை அமுக்கினாள். சோடா கோப்பையின் உள்பக்கமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"என்னம்மா, பாட்டிலுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றான் கஷ்பார். கூட்டம் சிரித்தது.

"பால் கறக்கிற மாதிரியில்ல இருக்கு!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினான். அதற்கும் சிரித்தார்கள். எடெல்கா பன்னிரண்டு கோப்பையையும் அதே நிதானத்தில் நிரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேசையில் ஒப்பந்தக் காகிதம் காற்றில் படபடத்தது, அதன்மேல் என் பேனா கனத்துக்குக் கிடந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். மடித்த காகிதத்தைப் பிரித்தார். பிரித்தார், பிரித்தார், இன்னும் பிரித்தார்.

"உழவு வண்டி இருபத்து மூன்று ஊருக்கு வந்தது இவ்வாண்டு! உழைக்கும் பெண்ணே, பூந்தோட்டமே, உனக்கும் வந்தது நீராட்டு!"

அது ஆரம்பம். பன்றிப் பண்ணைக்கு ஆறு செய்யுள். புதிய மின்கம்பங்களுக்கு, கம்பத்துக்கு ஒன்று வீதம், பதினொரு செய்யுள். பாலம் வந்தது, பாலத்தை ஒட்டி சர்க்கரைக் கிழங்கு வந்தது. பெண்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்கள். யெனோ வாயைத் திறந்து, "தலைவரே, சுருக்..." என்றார். நான் அவர் வாயில் ஒரு பெரிய துண்டு இனிப்பு ரொட்டியைத் திணித்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக எந்தக் காரியமும் செய்ததில்லை. எடெல்கா பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கஷ்பாரின் கோப்பைகளில் நுரை அடங்கி வெகுநேரமாகியிருந்தது. வெயிலில் அவை எங்கோ பார்த்துக்கொண்டு நின்றன. எடெல்காவின் கோப்பைகளில் அடியிலிருந்து சரம் சரமாகக் குமிழ் ஏறிக்கொண்டே இருந்தது. கோப்பையின் வெளிப்புறத்தில் வியர்த்திருந்தது.

முப்பத்தெட்டாவது செய்யுளோடு கவிதை முடிந்தது. கை தட்டல் மிகவும் உண்மையாக இருந்தது. தலைவர் வறண்ட தொண்டையோடு கஷ்பார் மேசைக்கு முதலில் போனார். ஒரு மிடறு குடித்தார். வாயில் வைத்துக்கொண்டே யோசித்தார். அப்புறம் விழுங்கினார், பொது இடம் என்பதால். எடெல்கா மேசைக்கு வந்தார். குடித்தார். கண்ணில் நீர் வந்தது. ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். அதுதான் அன்று அவர் சொன்னதிலேயே சிறந்த வரி.

எல்லோரும் இரண்டையும் குடித்துப் பார்த்தார்கள். விசில் அடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எடெல்கா ரொட்டிக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து யெனோவிடம் கொடுத்தாள்.

"மாமா, ரெண்டுலயும் பாதிப் பாதி போடுங்க. அமுக்க வேணாம்."

கஷ்பாரின் கோப்பையில் உப்பு மரியாதையாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எடெல்காவின் கோப்பையில் விழுந்ததும் உள்ளே ஒளிந்திருந்த கேஸ் அத்தனையும் உப்பைப் பிடித்துக்கொண்டு புஸுபுஸுவென்று பொங்கி, கோப்பை விளிம்பைத் தாண்டி, யெனோ தேவாலயத்துக்குப் போடும் நல்ல கால்சட்டையில் வழிந்தது.

"ஏம்மா, இவ்வளவு நேரம் இது உள்ளயா இருந்துச்சு!" என்று அலறினார் யெனோ.

நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் பேனாவை எடுத்தேன். கஷ்பார் என் கையைப் பிடித்தான். "மச்சான், இரு இரு, இன்னொரு தடவ அடிச்சுக் காட்டுறேன்" என்று பாதி பாட்டிலை எடுத்து அமுக்கினான். இரண்டு முறை துப்பியது. அப்புறம் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. தலைமேல் உட்கார்ந்திருந்த கேஸ் தீர்ந்துவிட்டது, கொடுத்துதவத் தண்ணீரிடம் ஒன்றும் இல்லை. பாதிப் பாட்டில் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றது.

அவன் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நானும் கோழை, தலைவரும் எந்தக் காற்றுக்கும் வளைகிறவர். மேலிடம், கூட்டுறவு என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எப்படிப் போயிருக்குமோ தெரியாது. ஆனால் தவளை தன் வாயால்தான் கெடும்.

"இது என்ன நியாயம்?" என்று கத்தினான் கஷ்பார். "முக்கா மணி நேரம் இந்த அறுவையக் கேட்டுக்கிட்டு நின்னா எந்தச் சோடாதான் செத்துப் போகாது!"

தலைவர் கவிதைத் தாளை மெதுவாக மடித்தார். மடித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"எத்தன மணி நேரம்னு சொன்னீங்க?" என்றார்.

"இல்ல தலைவரே, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அந்தம்மா சோடா கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டுச்சு. ஒங்க சோடா பன்னிப் பண்ணையிலயே எந்திரிச்சுப் போயிருச்சு." தலைவர் என் பக்கம் திரும்பினார். "வெண்டெல், நான் தலையிடல. ஆனா என்ன யோசன?"

நான் யோசிக்கவில்லை. எடெல்காவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் கலைந்து ஆண்கள் நனைக்கக் கிளம்பினார்கள். எடெல்கா காலிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் நன்றி சொல்லவில்லை. "ரொட்டி நல்ல யோசன" என்று மட்டும் சொன்னாள். மேசையில் அவள் பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது, சிவப்புக் கயிறு கட்டியது. அதை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் குளிர் சட்டையைத் தாண்டி விலாவில் ஏறியது. பத்து நிமிட நடையில் நாலு இடத்தில் நின்றேன். ஒன்பதாவது வருடமாக அந்த ஜன்னல் வந்தது, சிவப்பு முட்டைத் தட்டும் இருந்தது. தாண்டிப் போக எடுத்த காலைத் திருப்பிக் கதவைத் தட்டினேன்.

அவள் கதவைத் திறந்தாள். கையில் பாட்டில் இல்லை. அதுவே எனக்குப் பாதி தைரியம் கொடுத்தது. பாட்டைச் சொன்னேன்:

"வேலியோரம் நின்ற பூவே, வெயில் வருமுன் வந்தேன் நானே..."

மூன்றாவது வரி மறந்துபோனது. வெயில் அப்போது உச்சியில் இருந்தது. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி அதே இடத்தில் மறந்தேன்.

"ஒன்பது வருஷமா வேலியோரமேதான் நின்னுச்சு அந்தப் பூ" என்றாள் எடெல்கா. "மூணாவது வரி இல்லாட்டியும் பரவால்ல. நனைங்க."

விசையை அமுக்கினேன். குளிர்ந்த சோடா அல்லவா, நாலடி தூரம் வளைந்து போய் அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியின் ஓரத்தில் விழுந்தது. முகத்துக்கு எட்டவே இல்லை.

"வெதுவெதுப்பா ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கலாமே. மூஞ்சியில அடிச்சிருக்கும்."

"வந்திருக்கலாம். ஆனா ஒரு நொடி அடிச்சிட்டு ஓஞ்சுரும்" என்றேன். எனக்கு எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை தெரியாது. அத்தனை வருடமாகச் சோடா விற்றதில் அந்த ஒன்றைத்தான் கற்றிருந்தேன் போல.

அவள் குனிந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் அதற்கு முன்பே நனைந்திருந்தது. தட்டிலிருந்து ஒரு முட்டை எடுத்துக் கொடுத்தாள். நான் வாசலைத் தாண்டியதும் கூப்பிட்டு, தட்டோடு கொடுத்தாள்.

எங்கள் ஊரில் நனைப்பு திங்களோடு முடிவதில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் முறை. அன்று காலை நான் கடைக் கதவைத் திறந்து, முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்புறம், இருபதடிக்கு அப்பால், எடெல்காவின் வண்டி நின்றிருந்தது. அவள் சாக்குத் துணியைப் பிரித்து ஒரு பாட்டிலை எடுத்தாள். நீலக் கயிறு.

"வெண்டெல்! இது வெந்நீர்த் தொட்டிகிட்ட எவ்வளவு நேரம் இருந்துச்சு தெரியுமா?"

"எடெல்கா, வேணாம், தொப்பி இப்பதான் காஞ்சிருக்கு..."

"தொப்பியக் கழட்டி வெச்சுக்கோ."

கழற்றுவதற்குள் வந்து விழுந்தது. இருபதடியிலிருந்து, நேராக நெஞ்சில். நாற்காலியோடு சேர்ந்து பின்னால் விழுந்தேன். யெனோ தன் கடை வாசலில் நின்று, "அடி பார்த்தியா!" என்று கத்தினார். தொப்பி எங்கே போனதென்று நான் தேடவில்லை. பிறந்ததிலிருந்து என்னை ஒரு பெண் நனைத்தது அதுதான் முதல் தடவை.